நீட

புகார் நோட்டில் புத்தக வார்த்தைக்கு இடமில்லை.
தபாலில் வந்த பயிற்சிப் பாடம் 'ஸ்நோ' என்கிறது.
பொதட்டூர்ப்பேட்டையில் யார் கண்டது பனி?
"ஈ மொய்க்குது" என்று எழுதிக்கொள்கிறேன்.
கிழக்குத் தெருவில் அதுவே "ரவை கொட்டுது."
மருந்து ஒன்றுதான்:
மாடிக்கு ஏறி, துருவேறிய நட்டைத் திருகி,
வயர் முனையைச் சீவிப் புதிதாக்குவது.

படம் உருண்டு மேலே மேலே போனால் "ராட்டினம்."
எந்த இடத்தில் வரி தொடங்க வேண்டுமென்று
அங்கிருந்து தட்டித் தட்டிச் சொல்கிறார்கள்,
இந்தப் பெட்டிக்குக் காது கேட்கவில்லை.
சிவப்பு வழிந்தால் "வெத்தலை போட்ட மூஞ்சி."
கரண்ட் வந்து விசைத்தறிகள் கிளம்பியதும்
திரைக்குக் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஓடும்,
அதற்கு "தறி" என்றாலே போதும்.

நொடிக்கு ஐம்பது முறை திரை இருண்டு
கற்றை மறுபடி உச்சிக்குப் போகிறது.
அதைச் சொல்லி
தேவசேனா டிவி சர்வீஸுக்கு
இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

முனெம்மா வந்தது சித்திரையில்.
நகரி போகும் வழி, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்,
கல்லில் அவள் எருமை முதுகு தேய்க்கும்.
"டிவில நீட, பாப்பா" என்றாள்.
தெலுங்கில் அது நிழல்.
என் காதில் ஏதோ நீள்வதாக விழுந்தது.

போய்ப் பார்த்தேன், இரண்டும்தான்.
சென்னைச் செய்தி. வாசிக்கிற பெண்ணுக்கு வலப்புறம்
இன்னொருத்தி, வெளிறி, அதே உதட்டோடு,
அதே புடவையின் கரை அவள் வரைக்கும் நீண்டு.

ஸ்கேலை வைத்தேன். ஐந்து சென்டிமீட்டர்.
இருபது இஞ்ச் பெட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால்
அலை நானூறு மீட்டர் சுற்றி வந்திருக்கிறது.
ஐந்துக்கு ரெண்டு கிலோமீட்டர்.
ஜன்னலைத் திறந்தேன்.
நகரி மலை மல்லாந்து படுத்து
மூக்கை வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுல இடிச்சிட்டு வருதும்மா."
"நேரா வர்றதுக்கு இன்னா?"
"நேராவும் வருது. சுத்தியும் வருது."
"எது மொதல்ல?"
"இடப்பக்கத்துது. ஒரு நொடியைப்
பத்து லட்சமாக்கி, அதுல ஆறேழு முன்னால."
"அந்த நேரத்துல எங்க ஊரு பஸ்சு
கதவுகூடத் திறக்காது" என்று மோர் கொடுத்தாள்.

மாடியில் நான். கீழே அவள்.
கம்பத்தைப் பிடித்து மலைக்கு முதுகைக் காட்டினேன்.
"போச்சா?"
"உந்தி! உந்தி!"
இன்னும் கொஞ்சம்.
"போயிந்தி!" என்று கத்தினாள்,
உடனே, "அய்யோ, ஈகலு! ஒரே ஈகலு!"

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஈ, ஈதான்.
நிழல் போனது, கூடவே பலமும் போனது.
பூஸ்டர் மாட்டலாம்,
அது படத்தையும் பெருக்கும், ஈயையும் பெருக்கும்,
முந்நூறு ரூபாய் வேறு.

கீழே வெகுநேரம் சத்தமில்லை.
"நீடயே இருக்கட்டும்" என்றாள்.
"ரெண்டு பேர் படிச்சாலும் சேதி ஒண்ணுதானே."

நோட்டில் எழுதினேன்:
முனெம்மா. நீட.
ஆன்டெனாவைத் திருப்பியது,
பிறகு இருந்த இடத்துக்கே திருப்பியது.
கூலி இல்லை. பஸ்ஸுக்கு ஆறு ரூபாய்.

ஆடி மாதம்,
கிழக்குத் தெரு ஏகாம்பரம் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி,
ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்,
"டிவில நீட விழுது, எப்ப வர்ற?" என்கிறார்.
அவர் தெலுங்கு பேசி நான் கேட்டதில்லை.